பார்த்தவர்களின் பட்டியல்

அத்தியாயம் 17

சத்யப்ரியா ஏன் இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டாள், பதினோராயிரம் பேர் பார்த்த ரீல்ஸை யாராவது விடுவார்களா என்று நான்கைந்து வாசகிகள் கோபமாகவே கேட்டிருந்தார்கள். காரணம் எளிது. அந்தப் பதினோராயிரம் பேரில் ஒருவர்கூட மரக்காணம் பக்கத்தில் இல்லை.

மேடை அலங்காரத்தைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து 'விலை என்ன சிஸ்?' என்று கேட்டார்கள். அவள் கணவன் வெற்றிச்செல்வனின் வேன், இரும்புக் குழாயும் இருநூறு நாற்காலியும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போகுமா? வடக்கே கடப்பாக்கம், தெற்கே பெரிய முதலியார்சாவடி, மேற்கே வானூர். அதற்குமேல் போனால் டீசலுக்கே கட்டாது.

ஃபேஸ்புக்கையும் ஒரு கை பார்த்தாள். வெற்றியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு 'சூப்பர் மச்சி' போட்டார்கள். சூப்பர் போட்டவர் யாரும் நாற்காலி எடுக்கவில்லை. யூட்யூபில் ஒரே ஒரு வீடியோ. பார்த்தது நாற்பத்தொரு தடவை, அதில் பாதித் தடவை பார்த்தவள் அவளேதான்.

கடைசியில் அகப்பட்டது வாட்ஸப் ஸ்டேட்டஸ். 'வெற்றி ஷாமியானா' நம்பரை யார் போனில் பதிந்து வைத்திருப்பார்கள்? ஒருமுறையாவது பந்தல் எடுத்தவர்கள். மீன் ஏலம் விடுகிறவர், உப்பள மேஸ்திரி, மாரியம்மன் கோயில் ஊர்த்தலைவரான நாட்டார், மாதா கோயில் தேர்த் திருவிழாக் கமிட்டி. பல் விளக்குவதற்கு முன்னால் ஸ்டேட்டஸ் பார்க்கிற ஜனம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினம் காலை ஒன்பது மணிக்கு ஒரு படம். 'இன்று நமது பந்தல்: அனுமந்தையில் காதுகுத்து.' 'இன்று நமது பந்தல்: கூனிமேட்டில் நிச்சயதார்த்தம்.' வேனோடு போகும் அந்தோணிராஜ் படமெடுத்து அனுப்புவான், இவள் போடுவாள். அப்புறம் பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்து, பெயர் பெயராக, நேரத்தோடு படிப்பாள். யார் மூன்று நாள் தொடர்ந்து பார்க்கிறார்களோ அந்த வீட்டில் விசேஷம் வருகிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கு ஒருமுறைகூட அவளுக்குத் தப்பவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் வந்திறங்கிய ஃப்ரீசர் பாக்ஸ்தான் அவளைத் திணறடித்தது. சாவு வீட்டில் உடலை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. புதன்கிழமை அதைத் துடைத்து, படமெடுத்து, ஸ்டேட்டஸில் போட்டாள். அரை மணி நேரத்தில் ஆண்டாள் அத்தை போனில் பிடித்துக்கொண்டாள்.

"காலங்காத்தால இன்னாம்மா அது? கண்ணத் தொறந்தா பெட்டி. நான் இன்னும் நாலு வருஷம் இருக்கலாம்னு பாக்குறேன்."

காலிப் பெட்டியைக் காட்டினால் பயப்படுகிறார்கள், வேலை செய்கிற இடத்தில் காட்டினால் சேவை என்பார்கள் என்று சத்யப்ரியா கணக்குப் போட்டாள். "பேரு, மொகம் எதுவும் தெரியாம போட்டா போடு" என்று வெற்றியும் சொல்லிவிட்டான். ஆகவே அவள் ஒரு சாவு வீட்டுக்காகக் காத்திருந்தாள். இப்படிச் சொன்னால் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அப்படித்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பாவம்.

காத்திருந்தது வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வந்தது. அடுத்த தெருவிலிருந்து.

*

அப்பாதுரை போய்விட்டார். வெற்றியின் பெரியப்பா. முப்பது வருஷம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த மனிதர். நாலரை மணிக்குத் தண்ணீர் கேட்டாராம். மனைவி முத்தம்மாள் சொம்பைக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

வெற்றிக்கு அப்பா சின்ன வயதிலேயே போனவர். வளர்த்தவர் இந்தப் பெரியப்பாதான். அதனால் எல்லா வேலைகளையும் அவனே செய்தான். பெட்டியை அவனே வாசலுக்குக் கொண்டுவந்தான். கண்ணாடியை அவனே மூடினான். யுவராணிக்குச் சொல்லும் வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது.

யுவராணி அப்பாதுரையின் ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன் ஜெனிஷைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவள். ஜெனிஷ் தங்கமான பையன், ஆனால் மாதா கோயில் பையன். "எனக்குப் பொண்ணு இல்ல" என்று அப்பாதுரை அன்றைக்குச் சொன்னதுதான், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. பொங்கலுக்கு அவள் அனுப்பிய வேட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. இதையெல்லாம் நாம் பத்து அத்தியாயமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தக் கரையில் சாவை போனில் சொல்ல மாட்டார்கள். தூரத்தில் இருக்கிற பெண்பிள்ளைக்கு 'சீரியஸா இருக்காரு, கெளம்பி வா' என்றுதான் சொல்வார்கள். வழியில் எங்கேயும் விழுந்து கிடக்கக் கூடாதே என்கிற பயம். கேட்கிறவளுக்கும் பாதி புரிந்துவிடும். பாதி புரியாமல் வைத்துக்கொண்டு வந்து சேர்வாள்.

வெற்றி அதைச் சொல்லத்தான் போனை எடுத்தான். ஆனால் நாலு வருஷம் முகம் பார்க்காத பெண், சீரியஸ் என்றால் வருவாளா, ரோஷத்தில் இருந்துவிடுவாளா என்று அந்தக் கடைசி நொடியில் சந்தேகம் வந்துவிட்டது.

"யுவா, அப்பா உன்ன பாக்கணும்ங்கிறாரு. கெளம்பி வா" என்றான்.



"நெசமாவாண்ணா? எங்க அப்பாவா சொல்லிச்சு?"

"ஆமா. மொத பஸ்ஸப் புடி."

"ஜெனிஷையும் கூட்டிட்டு வரலாமான்னு கேளுண்ணா. அவரு நைட் ஷிப்ட் முடிஞ்சு எட்டு மணிக்கு வந்துடுவாரு."

"மொதல்ல நீ வா. அவரு பின்னாடி வரட்டும்."

அவள் சிரித்தது பக்கத்தில் நின்ற சத்யப்ரியாவுக்கும் கேட்டது. வெற்றி போனை வைத்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

"தப்பு பண்ணிட்டேன் சத்யா. சீரியஸ்னு சொல்லியிருக்கணும். ஏன் அப்பிடி சொன்னேன்னே தெரியல. பொய்யிலயும் இப்பிடி ஒரு பொய்யா."

 அது பொய் இல்லை என்று சத்யப்ரியாவுக்கு மட்டும் தெரியும்.

*

புதன்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஷாமியானா சாமான்களெல்லாம் அப்பாதுரை வீட்டுக் கொல்லைக் கொட்டகையில்தான் இருக்கும். பெட்டியைப் படமெடுக்க சத்யப்ரியா அங்கே போயிருந்தாள். அப்பாதுரை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பெட்டி என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

"ஏம்மா, அந்த போன்ல ஆளு மொகத்தப் பாத்துப் பேசலாமாமே" என்றார்.

"பேசலாம் மாமா."

"யுவராணிய காட்டுவியா?"

நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். சத்யப்ரியாவுக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அப்போது கொட்டகையின் கீற்று இடுக்கு வழியாகக் கண்ணாடி மேல் வெயில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் போனால் வெளிச்சம் நகர்ந்துவிடும். அதற்குள் நாலு படம் எடுத்தாக வேண்டும்.

"சாயங்காலம் போட்டுத் தரேன் மாமா" என்றாள்.

"சரிம்மா. உன் வேலயப் பாரு."

சாயங்காலம்வரை ஆண்டாள் அத்தையின் வசவிலேயே மனசு கெட்டுப்போயிருந்தது. மறந்துவிட்டாள். வியாழக்கிழமை எக்கியார்குப்பத்தில் ஒரு கல்யாணம், ஓய்வே இல்லை. வெள்ளிக்கிழமை அவர் இல்லை.

வெற்றி சுவரில் முட்டிக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்திலேயே அவள் சொல்லியிருக்கலாம். 'பொய் இல்லைங்க, அவரு கேட்டாரு' என்று. சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்ப நீ இன்னா பண்ணுன?' அதற்குப் பயந்துகொண்டு, காபி போட வேண்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. வந்தவர்களுக்கெல்லாம் காபி இவள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

*

ஒன்பது மணிக்குப் போன் சிணுங்கியது. அந்தோணிராஜ் பழக்கதோஷத்தில் படம் அனுப்பியிருந்தான்.

நல்ல படம். நீல ஷாமியானாவின் ஒரு பக்கம், வரிசையாக நாற்காலி, வேனின் பின்கதவு, அதில் 'வெற்றி' என்கிற எழுத்து, பின்னால் வாசலில் பெட்டியின் பளபளப்பான விளிம்பு. ஆள் முகம் ஒன்றும் இல்லை. வலது ஓரத்தில் வாசல் தூண் கொஞ்சம் தெரிந்தது, அவ்வளவுதான்.

வாசகம் புதன்கிழமையே எழுதி போனில் தயாராக இருந்தது. 'துக்க நேரத்தில் துணை நிற்போம். ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, நாற்காலி. இருபத்து நாலு மணி நேரமும் அழைக்கலாம்.'

கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன் என்று அவள் அப்புறம் பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கைப்பழக்கம்தான். ஆனால் போடுவதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். 'துணை நிற்போம்' என்பதற்குப் பிறகு கும்பிடும் கை ஒன்றைச் சேர்த்தாள். கைப்பழக்கம் இவ்வளவு செய்யாது.

கால் மணி நேரத்தில் புது நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"வெற்றி ஷாமியானாங்களா? பெரிய முதலியார்சாவடியிலேருந்து ஏசுராஜ் பேசறேங்க. உங்க ஸ்டேட்டஸ மச்சான் அனுப்பினாரு. எங்கம்மாவ ஆஸ்பத்திரியில வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இன்னிக்கோ நாளைக்கோங்கிறாங்க. அந்தப் பெட்டி கெடைக்குங்களா?"

"கெடைக்குங்க. எப்ப வேணா கூப்பிடுங்க" என்றாள் சத்யப்ரியா. போனை வைத்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. நான் மறைக்கப் போவதில்லை, வந்தது. முகநூலிலும் இன்ஸ்டாவிலும் எட்டு மாதம் நாயாய்ப் பேயாய் அலைந்ததற்கு இந்த ஒரு ஸ்டேட்டஸ் பதில் சொல்லிவிட்டதே என்கிற சந்தோஷம்.

காபித் தூக்கை மூடி வைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தாள். எண்பத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள், மேஸ்திரி கந்தன், ஐஸ் கம்பெனி சேகர், தேர்க் கமிட்டி டீச்சர். விரல் மேலே போய்க்கொண்டே இருந்தது.

யுவராணி. இன்று, 9:21.

சத்யப்ரியா அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். வலது ஓரத்துத் தூண். சின்ன வயதில் வெற்றியும் யுவராணியும் ஈர சிமென்ட்டில் சிப்பி பதித்த தூண். இந்தத் தாலுகாவில் அப்படி ஒரு தூண் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. முகம் தெரியக் கூடாது, பெயர் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டவளுக்கு, தூணுக்கும் முகம் உண்டு என்பது தோன்றவில்லை.

அழித்தாள். ஸ்டேட்டஸை அழிக்கலாம். ஒன்பது இருபத்தொன்றை எப்படி அழிப்பது?

*

யுவராணிக்கு எட்டுத் தடவை அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. ஒன்பதாவது தடவை சுவிட்ச் ஆஃப்.

பத்தரைக்கு வெற்றி கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான்.

"பஸ் வந்துருச்சு சத்யா. அவ எறங்கல. கண்டக்டர கேட்டா, ஒரு பொண்ணு கடப்பாக்கத்துலயே எறங்கிடுச்சுங்கிறாரு. மரக்காணத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு நடுவுல ஏன் எறங்கினா? யாராவது போன் பண்ணி சொல்லிட்டாங்களா?"

"நான்தாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சொல்லல. ஸ்டேட்டஸ்ல போட்டேன். நம்ம வேன, பெட்டிய. தூண் தெரிஞ்சிருக்குது."

வெற்றி திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

"பெரியப்பா வீட்டயா போட்ட?" என்று மட்டும் கேட்டான். அப்புறம், "நான் நவுர முடியாது. மூணு மணிக்கு எடுத்துடணும்னு பெருசுங்க ஒத்தக் கால்ல நிக்குது. நீ போயி கூட்டிட்டு வா. அவ இல்லாம எடுத்தா பெரியம்மா தாங்காது" என்றான்.

ஸ்கூட்டியை எடுத்தாள். இசிஆர் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் உப்பளத்தில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தெரிந்த இரண்டு பெண்கள் வரப்பிலிருந்து கை காட்டினார்கள். 'யாருக்கு?' என்று சைகையில் கேட்டாள் ஒருத்தி. அவளும் ஸ்டேட்டஸ் பார்த்திருப்பாள்.

*

கடப்பாக்கம் பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்சில் யுவராணி உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. மடியில் ஒரு பை. அதிலிருந்து வருக்கி பாக்கெட் எட்டிப் பார்த்தது. அப்பாதுரைக்கு டீயோடு வருக்கி வேண்டும்.

அழவில்லை. அதுதான் சத்யப்ரியாவைப் பயமுறுத்தியது.

"யுவா, வாம்மா. போலாம்."

"எத்தினி மணிக்கு அண்ணி?"

"நாலர இருக்கும்."

"அண்ணன் எனக்கு அஞ்சேமுக்காலுக்கு போன் பண்ணுச்சு."

சத்யப்ரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரலாமா என்று தெரியாமலே உட்கார்ந்தாள்.

"சாவுன்னா எப்பிடி சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா அண்ணி? நானும் அந்தக் குப்பத்துல பொறந்தவதானே. சீரியஸ்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும். அழுதுட்டே வந்து சேந்திருப்பேன். அண்ணன் அப்பா கூப்பிடறாருன்னு சொல்லிடுச்சு. டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர்கிட்ட சொன்னேன், நாலு வருஷம் கழிச்சு எங்கப்பா கூப்பிட்டிருக்குதுன்னு. அந்த மனுஷனும் சிரிச்சாரு."

"யுவா..."

"ஜன்னல் ஓரத்துல உக்காந்துட்டு, மொதல்ல இன்னா பேசறதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். மன்னிப்பு கேக்கக் கூடாது, கேட்டா கத்துவாரு. டீ போட்டுக் குடுத்துட்டு வருக்கிய வெச்சிடணும், அவ்வளவுதான்னு முடிவு பண்ணேன். அப்புறம் நேரம் போவலன்னு போன எடுத்தேன்."

ஒரு மணல் லாரி போனது. 

"தெரியாம போட்டுட்டேன்" என்று ஆரம்பித்த சத்யப்ரியா உடனே மாற்றிக்கொண்டாள். "இல்ல யுவா. தெரிஞ்சேதான் போட்டேன். பெட்டி வாங்கினதுலேருந்து ஒரு படத்துக்குக் காத்துக்கிட்டிருந்தேன். நீ பாப்பேன்னு மட்டும் தோணல."

"உங்க மேல கோவம் இல்ல. நீங்க நெசத்தத்தான் போட்டீங்க." யுவராணி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நான் சென்னைக்கே போறேன் அண்ணி. ஜெனிஷையும் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"இன்னா பேசற நீ? மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"எடுக்கட்டும். உசுரோட இருக்கும்போது வேணாம்னவரு. சாவும்போதும் கூப்பிடல. இப்ப கண்ணாடிக்கு அந்தாண்ட படுத்திருக்கும்போது நான் போயி நின்னா, வேணாம்னு அவரால சொல்லக்கூட முடியாது. அது எனக்கு வேணாம்."

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போகத் திரும்பினாள். சென்னை பஸ் அங்கேதான் நிற்கும்.

சத்யப்ரியா அவள் கையைப் பிடித்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யுவராணி போய்விடுவாள், புதன்கிழமை நடந்தது அப்பாதுரையோடு போய்விடும், வெற்றிக்கு ஒரு நாளும் தெரியாது. சொன்னால் இந்தப் பெண் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் சொன்னவளின் முகத்தை அதற்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

"கூப்பிட்டாரு யுவா" என்றாள். "அண்ணன் சொன்னது பொய்யின்னு அண்ணனே நெனச்சிட்டிருக்குது. பொய் இல்ல. புதன்கெழம என்கிட்ட கேட்டாரு. அந்த போன்ல யுவராணிய காட்டுவியான்னாரு. பேரச் சொல்லித்தான் கேட்டாரு."

யுவராணியின் கை அவள் கைக்குள் அசையாமல் இருந்தது.

"சமாதானத்துக்குச் சொல்றீங்களா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

யுவராணி அப்படியே மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, பார்வையை எடுத்துக்கொண்டார்கள். சத்யப்ரியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அடுத்த கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது.

"நீங்க இன்னா சொன்னீங்க அண்ணி?"

"சாயங்காலம் போட்டுத் தரேன்னேன்."

"ஏன், அப்ப போன்ல சார்ஜ் இல்லையா?"

"இருந்துச்சு. போட்டோ எடுத்துட்டிருந்தேன். வெளிச்சம் போயிடும்னு..." என்று இழுத்தாள். "சாயங்காலம் மறந்துட்டேன் யுவா."

யுவராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த முகத்தில் கோபம் இல்லை. ஏதோ நினைவுபடுத்திப் பார்க்கிற முகம்.

"எந்த போட்டோ? அந்தப் பெட்டியா?"

"ஆமா."

"புதன்கெழம நான் லீவு அண்ணி. வீட்லதான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. நீங்க அந்தப் பெட்டிய ஸ்டேட்டஸ்ல போட்டீங்களே, போட்ட ரெண்டாவது நிமிஷம் பாத்தேன். அண்ணன் கட நல்லா வளருதேன்னு நெனச்சேன்."

சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். புதன்கிழமைப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. அவள் எண்ணிக்கையைத்தான் பார்த்தாள்.

தெற்கே போகிற பஸ் தூரத்தில் தெரிந்தது. யுவராணி எழுந்து கையைக் காட்டினாள்.

"ஸ்கூட்டியில ஏறு யுவா. சீக்கிரம் போயிடலாம்."

"வேணாம். பஸ்லயே வர்றேன்." ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே திரும்பினாள். "அம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் இத நீங்களே சொல்லிடுங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள சொல்லிடுங்க. நான் எறங்கினதும் எங்கப்பா என்ன கூப்பிட்டாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்."

பஸ் புறப்பட்டது. சத்யப்ரியா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். போன் பையில் அதிர்ந்தது, வெற்றியாக இருக்கும், இல்லையென்றால் ஏசுராஜாக இருக்கும். எடுக்கவில்லை.

பஸ் வழியில் நாலு இடத்தில் நின்று போகிற பஸ். ஸ்கூட்டியில் போனால் பத்து நிமிஷம் முன்னாலேயே வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். பஸ்ஸுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவளுக்கு முந்திப் போக ரோடு காலியாக இருந்தது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள்.